கல்லின் மறுபக்கம்

“எல்லாரும் திரும்பி நில்லுங்க. சர்வேயர் தம்பி, நீங்களுந்தான். அரசாங்க உத்தியோகம்னா கண்ணுக்குத் தனிச் சலுகையா?”

நான் திரும்பி நிற்கிறேன். பத்தொன்பது வருடமாக இப்படித்தான் நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் ரோஸ்விதா ஹெப் மண்டியிடுகிறார். கடப்பாரை கல்லில் உரசுகிறது. பிறகு கையால் மண்ணை வாரும் சத்தம். எனக்கு எதிரே மைன் ஆறும், அதை நோக்கி இறங்கும் திராட்சைச் சரிவும் மட்டும். “ம், இருக்குற எடத்துலதான் இருக்கு” என்று குரல் வந்த பிறகுதான் திரும்ப அனுமதி. அதற்குள் பள்ளம் மூடப்பட்டிருக்கும்.

எங்கள் ஃபிராங்கன் நாட்டில் ஊருக்கு ஊர் ‘எழுவர்’ உண்டு. எல்லைக்கல் நடுவதும் நிமிர்த்துவதும் அவர்கள் வேலை. கல்லுக்கு அடியில் சுட்ட மண்ணிலோ கண்ணாடியிலோ ஓர் அடையாளம் புதைத்திருப்பார்கள். அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது எழுவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எழுதி வைப்பதும் கிடையாது. கல்லை எவன் வேண்டுமானாலும் நகர்த்தலாம், அடையாளத்தை அமைக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேர்தான். என் கழுத்தில் தொங்கும் செயற்கைக்கோள் கருவி இரண்டு சென்டிமீட்டர் வரை துல்லியமானது. ரோஸ்விதா அதை ‘டப்பா’ என்பார்.

டோர்ன்பாக் ஊர் எழுவரில் சேர்ந்த முதல் பெண் அவர். பொம்பளைக்கு ரகசியம் தங்காது என்று அன்று ஒரு பெரியவர் சபையில் எழுந்து சொன்னாராம். ரோஸ்விதா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: “உங்க கல்யாணத்துக்கு முந்தி நடந்தது எனக்குத் தெரியும். இருபது வருஷமாத் தெரியும். இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லிருக்கேனா?” பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அந்த விஷயம் என்னவென்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. கல்லுக்கடியில் இருப்பது அவர் கணவர் ஆல்வினுக்கும் தெரியாது.

ரோஸ்விதாவுக்கு வயது அறுபத்திரண்டு. ஆண்களுடைய ரப்பர் பூட்ஸ், மழையில் சாயம் போன ஃபெல்ட் தொப்பி. பெரிய பையில் கொடி வெட்டும் கத்தரி, ரொட்டி, பன்றித் தொத்திறைச்சி, ஒரு கைக்குட்டை. கல் சரியாக இருந்தால் அந்தக் கைக்குட்டையில் எச்சில் துப்பி, கல்லின் மேற்குப் பக்கத்தை அழுத்தித் துடைப்பார். மேற்கே இருப்பது டோர்ன்பாக், அந்தக் காலத்தில் பிஷப்பின் மண். அந்தப் பக்கத்தில் மூன்று பல் கொண்ட ஃபிராங்கன் சின்னமும், அதற்குக் கீழே பிஷப் யூலியுஸ் எக்டரின் மூன்று வளையங்களும் செதுக்கியிருக்கும். கிழக்குப் பக்கத்தில் அடுத்த ஊர் வெல்ஹைம் பிரபுவின் ஓநாய்த் தலை. அது பாசி பிடித்துக் கிடக்கும். துடைக்க மாட்டார். “அவங்க மூஞ்சிய அவங்க கழுவிக்கட்டும்” என்பார்.

வூர்ட்ஸ்பர்க் பிஷப்புகள் இந்தச் சரிவை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டார்கள். ஒரு கையில் கோல், மறுகையில் வாள். பேராலயத்தில் அவர்களுடைய கல்லறைச் சிற்பங்களே அப்படித்தான் நிற்கின்றன. நெப்போலியன் காலத்தில் அந்த ஆட்சி முடிந்தது. ரோஸ்விதாவுக்கு மட்டும் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. ரொட்டியை அறுத்தபடி அவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், அடுத்த தெருவில் குடியிருக்கும் பெரியப்பாக்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

“யூலியுஸ் கோவக்காரர், ஒத்துக்கறேன். ஆனா ஏழைங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டி, அது நடக்குறதுக்குத் தோட்டமும் எழுதி வச்சாரு பாருங்க. இன்னிக்கும் நடக்குது. உங்க மந்திரிங்க கட்டினது எது நானூறு வருஷம் நிக்கும்? ஷேன்போர்ன் வீட்டுப் பிஷப்புங்களுக்குக் கட்டடம் கட்டுற கிறுக்கு. கிறுக்குன்னாலும் அவங்க கட்டின அரண்மனைப் படிக்கட்டுல ஏறிப் பாத்தா வாய் அடைச்சுப் போகும். எர்த்தால் பிஷப்புதான் தங்கமான மனுஷன். பள்ளிக்கூடம், ஏழைங்க சாப்பாடு, இதே நெனப்பு. தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கல.”

ஒருமுறை நான் சீண்டினேன். எரன்பெர்க் என்று ஒரு பிஷப் இருந்தாரே, சூனியக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களை எரித்தவர், அவரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்றேன். ரோஸ்விதா ரொட்டியைக் கீழே வைத்தார். “விடல. நம்ம வீட்டாளுன்னா தப்பையும் சேத்துத்தான் சொமக்கணும். சாப்புடும்போது அந்தப் பேரை எடுக்காதீங்க.”

அவருடைய பெருமையெல்லாம் ஒரு கல்லில் வந்து நிற்கும். 1594ஆம் வருடத்துக் கல். அவருடைய தோட்டத்துக்கும், வெல்ஹைம் ஊர் ஃப்ரீடர் ராப்பின் தோட்டத்துக்கும் நடுவில் இருப்பது. அதை ஒட்டிய இரண்டு வரிசை சில்வானர் திராட்சைக் கொடிகளுக்கு வயது ஐம்பதுக்கு மேல். அந்தக் கிழட்டுக் கொடிகளின் ஒயின்தான் ஊர்த் திருவிழாவில் வருடா வருடம் முதலில் தீரும். புட்டியில் ஒட்டும் சீட்டில் எக்டரின் மூன்று வளையங்களை அச்சடித்து வைத்திருக்கிறார்.

ஃப்ரீடர் லூத்தரன். கத்தோலிக்கராக மாற மறுத்த அவருடைய முன்னோர்களை டோர்ன்பாக்கிலிருந்து துரத்தியவரே எக்டர்தான். நானூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி; ஃப்ரீடர் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். “ஏம்மா ரோஸ்விதா, எங்களத் துரத்தினப்போ உங்க பிஷப்பு கல்லையும் ரெண்டு தள்ளு தள்ளிட்டாரு போல. என் பக்கம் இடிக்குதே.”

“பிஷப் கல்லு நகராது ஃப்ரீடர். உன் கண்ணுதான் நகருது.”

இருபது வருடம் இது வேடிக்கையாகவே ஓடியது. போன இலையுதிர் காலத்தில் ஃப்ரீடர் தோட்டத்தை மகளுக்கு எழுதி வைக்க நினைத்து, முறைப்படி அளக்கக் கேட்டு மனுப் போட்டார். நான் டப்பாவோடு போனேன். பழைய வரைபடம் ஓரிடம் காட்டியது, கல் வேறிடத்தில் நின்றது. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். அந்தக் காலத்து வரைபடம் இந்தச் சரிவில் அவ்வளவு பிசகுவது உண்டு. ஆகவே வரைபடத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும். கல்லுக்கடியில் அடையாளம் இருந்தால் அந்த இரண்டு வரிசையும் ரோஸ்விதாவுக்கு. இல்லையென்றால் ஃப்ரீடருக்கு.

தன் சொந்த நிலத்து எல்லையில் எழுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. அதனால் வேறு இருவர் வந்தார்கள்: மூத்தவர் பெர்ட்ரம், அவரோடு தச்சர் ஒருவர். பெர்ட்ரம் தயங்கினார். “ரோஸ்விதா, நீ பாத்தா என்ன? உனக்குத் தெரியாததா?”

“இன்னிக்கு நான் நிலத்துக்காரி” என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்பாக அவர்தான் திரும்பி நின்றார். நானும் ஃப்ரீடரும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அவர் முகத்தை இந்த வேலையின்போது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடப்பாரை விழும் ஒவ்வொரு தடவையும் கண்ணிமை துடித்தது.

கல் சாய்ந்தது. மண் வாரும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். பெர்ட்ரம் தொண்டையைக் கனைத்தார்.

“எல்லாம்... சரியாத்தான்...”

“பெர்ட்ரம்.” ரோஸ்விதா திரும்பவில்லை. “நீ எடுத்த சத்தியத்தத்தான் நானும் எடுத்தேன். இருக்குறதச் சொல்லு.”

நாங்கள் ஆற்றைப் பார்த்தபடியே நின்றோம். ரோஸ்விதா அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கோ ஃப்ரீடருக்கோ எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

“கல்லுக்கடியில ஒண்ணும் இல்ல” என்றார் பெர்ட்ரம், சின்னக் குரலில்.

ரோஸ்விதா மூச்சை விட்டார். “எனக்கு எட்டு வயசு. அப்பா புது டிராக்டர் வாங்கின வருஷம். திருப்பும்போது ஏதோ இடிச்சு விழுந்துச்சு, அவரே தூக்கி நட்டாரு. எழுவரக் கூப்பிடல. என்ன கல்லுன்னு நான் கேக்கல. அப்புறமும் கேக்கல, இத்தன வருஷமா.” சொல்லிக்கொண்டே வலது கையைப் பின்னால் நீட்டி, முதுகைத் திருப்பாமலே தன் கொடிகளைக் காட்டினார். “மேக்கால ரெண்டரை மீட்டர் போய்த் தோண்டு. வேரு அறுந்தா அறுந்துட்டுப் போகுது.”

தோண்டினார்கள். கால்மணி நேரம் கழித்துப் பெர்ட்ரமின் குரல் வந்தது. “இருக்கு. அப்படியே இருக்கு, அசையாம.”

“பாத்தியா” என்றார் ரோஸ்விதா, ஃப்ரீடரிடம். கண் கலங்கியிருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. “பிஷப் வச்சது நகரல. நகத்தினது எங்கப்பா.”

நில அளவை இலாகாவில் எத்தனையோ எல்லைத் தகராறு பார்த்திருக்கிறேன். தோற்றவர் இவ்வளவு கம்பீரமாக நின்று நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றதற்கே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஃப்ரீடர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழம்பினார். இருபது வருடம் கேட்டது கிடைத்துவிட்டது. அடுத்த கேலி தயாராக இல்லை. “கொடி உங்கப்பா நட்டது. பழத்த நீயே பறிச்சுக்க ரோஸ்விதா. எனக்கு எதுக்கு?”

“உன் மண்ணுல வெளஞ்சது உன்னோடது. நல்லாக் கவனிச்சுக்க, அது கிழட்டுக் கொடி. சீட்டுல மட்டும் எங்க யூலியுஸப் போட்டுறாத.”

“அவரப் போட்டா எங்க ஊருல ஒருத்தன் வாங்குவானா?” என்றார் ஃப்ரீடர். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் கல், அடையாளம் கிடைத்த பழைய இடத்தில் இறங்கியது. பெர்ட்ரம் மண்ணை மிதித்து இறுக்கிய பிறகு ரோஸ்விதா கைக்குட்டையை எடுத்து, எச்சில் துப்பி, மூன்று வளையங்களையும் வழக்கம்போல் அழுத்தித் துடைத்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். பையைத் தோளில் மாட்டி இரண்டடி நடந்தவர், நின்றார். திரும்பி வந்து, கல்லைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய், ஃப்ரீடரின் மண்ணில் மண்டியிட்டு, கைக்குட்டையின் சுத்தமான மூலையைத் தேடி எடுத்து, ஓநாயின் காதிலிருந்த பாசியைச் சுரண்ட ஆரம்பித்தார்.