பெல்தனி மண் பூச மறுத்த மாடி

மொட்டை மாடியில் கால் வைத்ததும் பெல்தனி குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறாள். தலையைச் சாய்த்து, அடியிலிருக்கும் மரத்தின் ஓசையைக் கேட்கிறாள். இரண்டடி தள்ளி இன்னொரு மிதி. கஞ்சியில் தூசி விழுகிறதென்று கீழே வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். அவள் காதில் வாங்குவதில்லை.

சிப்பார் நகரத்தில் மழைக்கு முன் மாடிகளுக்கு மண் பூசுகிறவர்கள் பத்துப் பேர். அதில் பெண் இவள் ஒருத்திதான். ஐம்பது வயது, முழங்கை வரை காய்ந்த சேறு. யூப்ரடீஸ் ஆற்றங்கரை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். "உப்புக் கரிக்குது. ஒரு மழைக்குத் தாங்காது." வைக்கோல் கலந்து மிதித்த சேறு மூன்று நாள் ஊறாமல் தொடமாட்டாள். அவசரப்படுத்தினால், "அது இன்னும் தூங்கி எந்திரிக்கலையே, நான் என்ன பண்ண?" என்பாள்.

போன மழைக்கு முன்னால் பார்லி வியாபாரி வராசா அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஆறாம் நாள் மகளுக்குக் கல்யாணம். அறுபது பேர் மாடியில்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெல்தனி மிதித்தாள், கேட்டாள், இறங்கி வந்தாள்.

"எத்தனை கூடை மண்ணும்மா வேணும்?"

"மண்ணு இருக்குதண்ணே. மரந்தான் இல்ல."

"எங்கப்பா போட்ட உத்தரம். கல்லு மாதிரி நிக்குது."

"கரையானுக்கும் உங்கப்பா காலத்துலேருந்து அங்கதான் சாப்பாடு. மரத்த மாத்தாம நான் பூச மாட்டேன்."

வராசா வேறு ஆளுக்குச் சொல்லியனுப்பினார். பெல்தனி போகவில்லை. மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டாள். வந்தவனிடம் தன் செம்பு உளியை நீட்டினாள்.

"உத்தரத்துல ஒரு குத்து குத்திட்டு அப்புறமா ஏறு, தம்பி."

உளி பிடி வரை இறங்கியது. மரம் மாவாகக் கொட்டியது. அவன் உளியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

வராசா குனிந்து தரையில் கிடந்த தூளை விரலால் அளைந்தார். "நாளைத் தள்ளி வச்சா மாப்பிள்ள வீட்டுல என்ன பேசுவாங்க?"

"என்னத்தையோ பேசட்டும். கல்யாணச் சோத்த எழவுச் சோறாக்குறதுக்கு அது மேல்."

கல்யாணம் பதினைந்து நாள் தள்ளிப் போனது. கூலிக்காக நாளைக் கடத்துகிறாள் என்று தெருவில் பேச்சு. அவள் புதுப் பேரீச்சை மரங்களை ஏற்றி, நாணல் பாயை இரண்டு அடுக்காக விரித்து, ஊறிய சேற்றைப் பூசினாள். ரொட்டியும் வெங்காயமும் தின்றது மாடியிலேயேதான்.

கல்யாணத்தன்று அறுபது பேரும் மேலே ஏறினார்கள். ஏறும்போது பலர் சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். வராசா தானே இறங்கி வந்து அவளை அழைத்தார்.

"மேல வாம்மா. உனக்கு முன் வரிசையில எடம் போட்டிருக்கேன்."

"எனக்கு இங்கயே போடுங்கண்ணே."

தட்டை வாங்கிக்கொண்டு கீழறையின் நட்டநடுவில், உத்தரங்களுக்கு நேர் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மேலே மேளம் எழுந்தது. அறுபது பேரும் ஆடத் தொடங்கினார்கள். பெல்தனி நிமிரவில்லை. மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.