நடுவிலாளுக்கு ஆள் இல்லை

உயில் என்பது வயது போனவர்களின் விஷயம் என்றுதான் நானும் கணவரும் நினைத்திருந்தோம். புலம்பெயர்ந்து வந்து ரோவில் என்ற புறநகரில் வீடு வாங்கினோம், மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், உயில் மட்டும் எழுதவில்லை. யாருடைய மனமும் நோகக்கூடாதென்று இரண்டு பக்கத்து உறவுகளிடமும் ஒன்றையே சொல்லி வைத்திருந்தோம்: "எங்களுக்கு ஏதும் நடந்தா பிள்ளையளை நீங்கள்தான் பாக்கவேணும்." கேட்டவர்கள் எல்லாம் கண்கலங்கித் தலையாட்டினார்கள்.

கடந்த குளிர்காலத்தில் எங்கள் காரை ஒரு லொறி இடித்தது. பிள்ளைகள் என் தோழி ஷாமினி வீட்டில் நின்றதால் தப்பினார்கள். கணவருக்குச் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நான் கழுத்துப் பட்டியோடு கண்மூடிக் கிடந்தேன். மயக்கம் என்று நினைத்து, என் அண்ணாவும் கணவரின் அக்காவும் தலைமாட்டில் நின்றே பேசினார்கள்.

"மூத்தவன் கெட்டிக்காரன், எங்களோட இருக்கட்டும்," என்றார் அண்ணா.

"கைக்குழந்தையை நான் எடுக்கிறன். தாயை மறக்கிற வயசுதானே," என்றார் மச்சாள்.

"அப்ப நடுவிலாள்?"

"அவளுக்கு வலிப்பு எல்லோ. அரசாங்கம் ஏதும் ஒழுங்கு செய்யும்."

நாங்கள் இருவருமே பிழைத்தோம். நடக்க முடிந்ததும் சட்டத்தரணியிடம்தான் போனோம். மூவரும் பிரியாமல் ஷாமினியிடம் வளரவேண்டும் என்று, அவளைக் கேட்டு, உயிலில் எழுதினோம். இப்போது ஒருவருக்கும் உபசாரத்துக்கு வாக்குக் கொடுப்பதில்லை. நன்றாக நித்திரை வருகிறது.

போன கிழமை விருந்துக்கு வந்த மச்சாள், நடுவிலாளின் தலையைத் தடவிக்கொண்டே, "உங்களுக்கு ஏதும் எண்டா நாங்கள் இருக்கிறம்தானே," என்றார்.

"ஓம் மச்சாள்," என்று வடையை நீட்டினேன்.

உயிலை வாசிக்கும் நாளில் அவருடைய முகத்தைப் பார்க்க நான் உயிரோடு இருக்கமாட்டேன். அந்த ஒரு குறைதான் எனக்கு.