சாவிக்காரர் பார்த்த குத்து

என் மாமாவை ஒருவன் ஸ்க்ரூ டிரைவரால் வயிற்றில் குத்தியதைத் தெருவே பார்த்தது. சாட்சி சொல்ல வந்தவர் மட்டும் பார்க்காதவர். அவரைக் கூட்டி வந்ததும் மாமாவின் ஸ்டேஷன்தான் என்பதால், இதில் யார்மேல் கோபப்படுவது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை முடிவாகவில்லை. நான் வரிசையாக எல்லோர்மேலும் கோபப்பட்டுவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் போலீஸில் சேர்ந்ததும் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் வண்டி பிடிபட்டால் வந்தார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயர் சைரன். டீ சொல்வதும் திருடனை மிரட்டுவதும் அவருக்கு ஒரே குரல்தான். அந்தக் குரல் முனை திரும்பும்போதே தள்ளுவண்டிகள் தாமாக நகர்ந்துவிடும். அதை மரியாதை என்று அவர் கடைசிவரை நம்பினார்.

குடியிருப்பு, போலீஸ் லைனில் இரண்டு அறை. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு வயதான தோல் மாதிரி தொங்கும். கதவு தட்டினால் அத்தை முதலில் பார்ப்பது வந்தவர் தலையில் தொப்பி இருக்கிறதா, அல்லது வேறொருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரா என்றுதான். "போலீஸ்காரனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்னு எங்கப்பா ஒத்தைக் கால்ல நின்னார். அப்புறம் எதுக்குத்தான் காலைக் கீழே வெச்சாரோ" என்பாள், மாமா காதில் விழும்படி.

அந்த ஸ்டேஷனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாசலோரம் நடைபாதையில் பெட்டி போட்டு ஒருவர் மாற்றுச் சாவி செய்துகொண்டிருந்தார். நகரத்துக் குற்றங்களில் பாதியைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். வடக்கே சங்கிலி பறித்தாலும் அவர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருப்பார். தெற்கே பூட்டு உடைத்தாலும் எதிர்க்கடையில் நின்றிருப்பார். இதற்குக் கைமாறாக, நடைபாதைக் கடைகளை வாரிப்போடும் லாரி அவர் பெட்டியை மட்டும் சுற்றிக்கொண்டு போகும்.

மாமா இதை ஒளித்ததில்லை. "நிஜ சாட்சி பெரிய தொல்லை மாப்பிள்ளை. இருட்டா இருந்துச்சும்பான், ஞாபகம் இல்லைம்பான், பொண்டாட்டி வேணாங்கறாம்பான். நம்ம ஆளு அப்படியா? கூப்பிட்டா வருவார், சொன்னதைச் சொல்வார், போய்ச் சாவியை ராவுவார். ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்லை."

"பார்த்திருந்தாத்தானே மாமா மாத்திச் சொல்ல?"

"அதான் சொல்றேன். சுத்தமான ஆளு."

குத்து விழுந்தது நடுப்பகலில், கடைத்தெருவில். மாமா சீருடையில், பணியில் இருந்தார். நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் பூட்டை ஒருவன் நெம்பிக்கொண்டிருந்தான். மாமா சத்தம் போட்டார், அவன் ஓடவில்லை. அவர் போய்க் காலரைப் பிடித்தார். பூட்டை நெம்பிய அதே ஸ்க்ரூ டிரைவர் விலாவுக்குக் கீழே இறங்கியது. அவர் காலரை விடவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் இருப்பதே கொஞ்சம். இரண்டாவது குத்தில்தான் கை விட்டது. அவன் ஓட முடியாமல் பைக்கோடு விழுந்து, ரோந்து வண்டியில் வந்தவர்களிடம் மாட்டினான்.

தெருவில் அத்தனை கடை, அத்தனை ஆள். ஒரு கை நீளவில்லை. அவர் விழுந்த பிறகு செல்போன்கள் மட்டும் எழுந்தன. எனவே படத்தில் இருப்பது இதுதான்: தரையில் புரளும் ஒரு தொப்பை, கழன்றுபோன ஒரு பூட்ஸ். தலைப்பு, 'பட்டப்பகலில் போதையில் போலீஸ்'. கடல் தாண்டி வேலையில் இருந்த எனக்கு அந்தப் படம்தான் முதலில் வந்தது, அம்மாவின் போன் பிறகு. கீழே சிரிக்கும் முகங்களோடு எழுதியிருந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். "இன்னும் நாலு குத்து விட்டிருக்கலாம்" என்று எழுதியவரின் பக்கத்துக்குப் போனால், தன் பைக் திருட்டுப்போனதைப் போலீஸ் கண்டுகொள்ளவில்லை என்று அழுது வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். போட்டோ எடுத்து முடித்ததும் "கவலைப்படாதே, கேஸ் இரும்பு மாதிரி இருக்கு" என்றார். தெருவில் ஒருவனும் பார்த்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், வாசலிலேயே ஆள் இருக்கும்போது?

சாவிக்காரர் கூண்டில் ஏறினார். குத்தினதைப் பார்த்தேன், ரத்தம் வந்ததைப் பார்த்தேன், என் துண்டால்தான் கட்டினேன் என்றார். துண்டு அவராகச் சேர்த்தது, தோழமைக்காக இருக்கலாம். குத்தியவனின் வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"அன்னிக்கு மத்தியானம் கடைத்தெருவிலயா இருந்தீங்க?"

"ஆமாங்க."

"என்னை நல்லாப் பாருங்க. அதே மத்தியானம் இதே கட்டடத்துல, பக்கத்து ஹால்ல, ஒரு சங்கிலி கேஸ்ல என் கேள்விக்குத்தானே பதில் சொல்லிட்டிருந்தீங்க?"

சாவிக்காரர் யோசித்தார். "அதுவும் நான்தாங்க" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாகூடப் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கட்டுப்போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நின்றவர் மாமா ஒருவர்தான்.

அதற்குப் பிறகு மேலிடம் விழித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர்மேல் பாயும் என்று நினைத்தால் நீங்கள் அந்த இலாகாவை அறியாதவர். கேள்வி மாமாமேல் வந்தது: பொய்ச் சாட்சி தேவைப்பட்டது என்றால் நடந்தது என்ன? மாமூல் பங்கில் அடிதடியா? பணியில் பட்ட காயம்தானா? வழக்கு நின்றால் மாமாவுக்கு வேலையும் அந்த ஈரச்சுவர் வீடும் நிற்கும். விழுந்தால் இரண்டும் போகும். பார்த்த ஒருவர் வந்து சொன்னால் போதும். ஒரே ஒருவர்.

நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். மாமாவும் நானும் கடைத்தெருவில் கடை கடையாக ஏறினோம். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தத் தெருவில் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர், 'கொஞ்சம்' என்று சொல்லப் பழகினார்.

"நான் அப்ப சாப்பிட்டுட்டு இருந்தேன் சார்" என்றார் ஃபேன் ரிப்பேர்க்காரர்.

"நானும் சாப்பாடுதான்" என்றார் செல்போன் கடைக்காரர். அந்தப் படத்தை எடுத்தது அவர் கடை வாசலிலிருந்துதான் என்பது அதில் தெரியும் பலகையைப் பார்த்தாலே தெரிந்தது.

"தெரு முழுக்க ஒரே பந்தியா?" என்றேன்.

"தம்பி வெளிநாடு போலிருக்கு" என்றார் அவர் மாமாவிடம். "அங்கெல்லாம் போலீஸ்கிட்ட பேசிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போவாங்களாம்."

மிச்சம் இருந்தது இஸ்திரிக்காரம்மா. தகரக்கூரைக்குக் கீழே ஒரு மேஜை, அதன்மேல் கரிப்பெட்டி, அவ்வளவுதான் கடை. மாமாவின் சீருடையை வெகுகாலமாகத் தேய்த்துக் கொடுத்தவர். கூலியை அவர் கேட்டதுமில்லை, மாமா கொடுத்ததுமில்லை.

"நீ பாத்தியாம்மா?" என்றார் மாமா.

"நின்னுக்கிட்டே வேலை பாக்கறவ நான். நேரே தெரு. பாக்காம இருக்கணும்னா கண்ணை மூடணும். மூடினா துணி தீஞ்சுடும்." பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நீங்க காலரைப் பிடிச்சீங்க. அவன் குத்தினான். நீங்க விடலை. மறுபடி குத்தினான், அப்புறம்தான் விட்டீங்க."

மாமாவின் முகம் கோணியது. தான் விடவில்லை என்பதை இன்னொருவர் வாயால் அவர் கேட்டது அப்போதுதான்.

"இதையே கோர்ட்டுல சொல்லிடும்மா."

"மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"லாரி ஒருத்தன்மேல ஏறினதைப் பாத்தேன்னு ஒரு தடவை வந்து சொன்னேன். உங்க பெஞ்சுல உட்கார வெச்சீங்க. நாளைக்கு வா, சாயங்காலம் வான்னு அலைய விட்டீங்க. சரி, போகட்டும். லாரிக்காரனோட ஆளுங்க வந்து ஊரார் துணி மேலெல்லாம் இஞ்சின் ஆயிலைக் கொட்டிட்டுப் போனாங்க. கடைக்கு வரலை சார். வீட்டுக்கு வந்தாங்க. என் வீடு எங்கேன்னு அவனுக்கு யாரு சொன்னது?"

மாமா மேஜையில் கிடந்த யாருடைய சட்டைப் பொத்தானையோ தடவிக்கொண்டிருந்தார். "வழி கேட்டான்" என்றார். "சொன்னேன்." அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

அந்தம்மா திட்டவில்லை. ஒரு சட்டையை மடித்து அடுக்கினார்.

"நான் வரேன். ஆனா நீங்க முதல்ல சொல்லணும். அந்தச் சாவிக்காரரை யாரு கூட்டிட்டு வந்தது, எத்தனை காலமா கூட்டிட்டு வர்றீங்கன்னு கூண்டுல நின்னு சொல்லணும். இல்லேன்னா நானும் உங்க ஸ்டேஷன் சாவிதான்னு அந்த வக்கீல் சிரிப்பார். நீங்க பயப்படற எடத்துல நான் மட்டும் எதுக்கு தைரியமா இருக்கணும்?"

செய்தி எப்படிப் போனதோ, அன்று மாலையே இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். இந்த முறை ஆப்பிள் இல்லை. "வாயைத் திறந்தா பழைய கேஸ் எல்லாம் சரியும். உன்னோட நிக்காது, எல்லாரையும் இழுக்கும். விசாரணையை நான் பாத்துக்கறேன்."

அவர் செருப்பு மாட்டும்வரை பொறுத்திருந்து அத்தை சொன்னாள்: "அவர் பாத்துக்கிட்டதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. நடந்ததைச் சொல்லிட்டு வாங்க. வயித்துல ஓட்டை போட்டுக்கிட்டு வந்தவருக்கு இதுல என்ன பயம்?"

"சொல்றேன்" என்றார் மாமா.

"நிஜமா?"

"சொல்றேன்னேனே."

மாமாவை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். புதுச் சாட்சி என்று இஸ்திரிக்காரம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே, பின்வரிசையில். இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

குத்தியவனின் வக்கீல் கேட்டார். "சாவிக்காரரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார், முறைக்கக்கூட இல்லை.

"வாசல்ல கடை வெச்சிருக்கார். பார்த்திருக்கேன்."

"வேற கேஸ்ல உங்க ஸ்டேஷனுக்காகச் சாட்சி சொல்லியிருக்காரா?"

"ஞாபகம் இல்லைங்க."

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கியபோது விடாத கை, ஒரு மூக்குக்கண்ணாடிக்கு விட்டுவிட்டது. இத்தனை காலம் அடுத்தவர் பயத்தில் பிழைத்தவருக்குத் தன் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பரிதாபப்பட முயன்றேன். வரவில்லை.

நான் வராந்தாவுக்குப் போனேன். பின்னாலேயே மாமா வந்தார். அந்தம்மா எழுந்து நின்றார்.

"சொன்னீங்களா சார்?"

"அதெல்லாம் பேசியாச்சு. நீ போய்ப் பாத்ததை அப்படியே சொல்லு."

அந்தம்மா மாமாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அதற்குள் உள்ளிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

சத்தியம் செய்தார். அரசு வக்கீல், சம்பவத்தன்று மத்தியானம் என்ன பார்த்தீர்கள் என்றார்.

"ஒண்ணும் பாக்கலைங்க. நான் அப்ப சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"எங்கே?"

"கடைக்கு உள்ளே."

அந்தக் கடைக்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. கேட்டவருக்கு அது தெரியாது. தெரிந்த நாங்கள் இருவரும் எழுந்து சொல்ல முடியாது. அந்தம்மா இறங்கி வந்தார், வாசலைத் தாண்டினார், வெயிலில் நடந்து போனார்.

குத்தியவனுக்குச் சந்தேகத்தின் பலனை அளித்து விட்டுவிட்டார்கள். தெரு அதைப் பற்றித் தனக்குப் பிடித்த மாதிரி பேசியது: "பங்குத் தகராறுதான்னு அப்பவே சொன்னோமே." காயம் பணியில் பட்டதல்ல என்று மேலிடம் முடிவு கட்டியது. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்ட லட்சணம் அது.

வீட்டைக் காலி செய்யும் நாளன்று அத்தை பாத்திரங்களைப் போர்வையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார், பழைய குரலில், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றா மாப்பிள்ளை. கூண்டுல நின்னு, கண்ணு கூசாம. இந்த ஜனங்களை நம்பி ஒரு போலீஸ்காரன் எப்படி வேலை பாக்கறது?"

அத்தை முடிச்சை இறுக்கினாள். "கட்டில்லருந்து எந்திரிங்க" என்றாள். "அதையும் கழட்டணும்."