லாஜிக் மாடலோடு விருத்தாசலத்தில் இரண்டு நாள்

குழந்தைகளின் மனநலத்துக்காகச் சிற்றூர்களில் வேலை செய்யும் குழுக்களுக்கு, அவர்கள் சேவையின் தரத்தைச் சரிபார்க்க உதவுவது என் வேலை. போன நவம்பரில் விருத்தாசலத்திலிருந்து ஒரு சிறு குழு கூப்பிட்டது. பதிவேட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் பள்ளி ஆசிரியர்கள் "பிள்ளைகளிடம் ஒன்றும் மாறவில்லை" என்கிறார்கள், ஏன் என்று புரியவில்லை என்றார்கள். இதே மாதிரி வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். சந்தோஷமான பயணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் காலை 6.10க்குப் பஸ் ஏறினேன். உளுந்தூர்பேட்டை வழியாக அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 55 ரூபாய். 8.05க்கு விருத்தாசலம். வழி முழுக்கத் தூறல். பஸ் ஸ்டாண்டிலிருந்து பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ 80 ரூபாய். குழுவின் அலுவலகம் அதன் பின்பக்கச் சந்தில் ஒரு வாடகை அறை. பீங்கான் கம்பெனிகளின் மண்தூள் கரைந்து, வாசலில் மழைத் தண்ணீர் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

லாஜிக் மாடல் என்றால் பயப்பட வேண்டாம். நம்மிடம் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறோம், அதனால் குழந்தைக்கு என்ன மாற்றம் வரும் என்று இடமிருந்து வலமாகக் கட்டம் போட்டு, அம்புக்குறிகளால் இணைக்கும் படம். அவ்வளவுதான். கீழே 'நாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருப்பவை' என்று ஒரு கட்டம் உண்டு. இரவெல்லாம் உட்கார்ந்து நான் வரைந்துகொண்டு போன படத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் வேறொரு ஊர்ப் படத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம்.

குழுவின் களப்பணியாளர் கலையரசி. நாற்பது வயது இருக்கும். படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க மேடம். ஆனா இந்த அம்பு நெசமாவே அங்க போவுதான்னு தெரியணும்னா ஒரு வூட்டுக்குப் போய்ப் பாக்கணும்" என்றார்.

பதிவேட்டில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தோம். சுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு வயது. தம்பி கிணற்றில் விழுந்து இறந்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டவள். ஆறு புதன்கிழமைகள் ஆலோசனைக்கு வந்திருக்கிறாள். அதற்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதி, நீல மையில் ஒரு டிக்.

கருவேப்பிலங்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஊரின் கடைசித் தெருவில் வீடு. சுமதியின் அம்மா பீங்கான் கம்பெனியில் அச்சுகளில் களிமண் கரைசல் ஊற்றுகிறவர். அன்று அவருக்கு விடுமுறை. எங்களை உட்காரச் சொல்லி டீ போட்டார்.

சுமதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட நாள், ஆனால் வீட்டில்தான் இருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது தரம் நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அது வழியாத்தான் தம்பி கெணத்தாண்ட போனான்" என்றார் தாழ்ந்த குரலில். "நான் வேலைக்குப் போயிட்டா பக்கத்து வூட்டுப் புள்ளைங்க இங்கதான் வந்து வெளையாடும். ஸ்கூலுக்குப் போடின்னா, கதவ யாரு பாப்பாங்கன்னு நோட்டுல எழுதிக் காட்டுறா."

"இத எங்ககிட்ட சொல்லலியேக்கா?" என்றார் கலையரசி.

"யாரும் கேக்கலியேம்மா. புதங்கெழம பதினோரு மணிக்கு எனக்கு வேல. சித்திதான் கூட்டிட்டு வந்தாங்க. முடிஞ்சிடுச்சின்னு சொல்லி அனுப்பிட்டீங்க. டாக்டர் வேல முடிஞ்சிச்சி, இனிமே பேசலன்னா அது நாம புள்ளைய வளக்குற தப்புதான்னு நெனச்சிக்கிட்டேன்."

பேச்சு வந்தால் பள்ளிக்குப் போவாள் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அவள் பள்ளிக்குப் போகாததற்கு வேறு காரணம் இருந்தது. எங்கள் படத்தில் அதற்கு இடமே இல்லை.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கலையரசி சொன்னார். "என் வூடு அந்தப் புள்ள வூட்லேர்ந்து நாலு கிலோமீட்டர்தாங்க மேடம். ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம்."

மறுநாள் படத்தை வலது ஓரத்திலிருந்து தொடங்கினோம். குழந்தையிடம் என்ன மாறவேண்டும், அதை யார், எங்கே பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இடப்பக்கம் வந்தோம். சந்திப்பு நேரம் அம்மாக்களின் வேலை முடிந்த மாலைக்குப் போனது. ஆறாவது சந்திப்புக்குப் பிறகு வீட்டுக்குப் போவது என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. நம்பிக்கைகளின் கட்டத்தை அழித்துவிட்டு, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகளால் நிரப்பினோம். மாலை 4.30 பஸ்ஸில் கிளம்பினேன்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். கலையரசி சனிக்கிழமைதோறும் போனார். கொல்லைக் கதவுக்குப் பூட்டு வாங்கி, சாவியைச் சுமதியிடமே கொடுத்தார்கள். ஜனவரியில் பதினொரு நாள் பள்ளிக்குப் போனாள். வாய்திறந்து பேசவில்லை, ஆனால் போனாள். பிப்ரவரியில் அம்மாவுக்கு வேலை குறைந்துபோய், குடும்பமே திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஊர் மாறிப்போகும் பிள்ளைகளுக்கு எங்கள் புதிய படத்திலும் கட்டம் இல்லை.

இப்படிப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: முதல் நாளைப் படத்துக்கு ஒதுக்காதீர்கள், ஒரு வீட்டுக்கு ஒதுக்குங்கள். அம்மாவின் ஷிப்ட் நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழைக்காலத்தில் கிராமத்துப் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பென்சிலில் போடுங்கள்.

போன வாரம் சுமதியின் அம்மா திருப்பூரிலிருந்து தானாகவே கலையரசிக்குப் போன் செய்திருக்கிறார். "உங்கள மாரி இங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டாராம். கலையரசி ஏழு இடங்களில் விசாரித்துவிட்டார், நானும் விசாரித்தேன். இதுவரை யாரும் கிடைக்கவில்லை. திருப்பூர்ப் பக்கம் குழந்தைகளோடு வேலை செய்கிறவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கீழே ஒரு வரி எழுதுங்கள்.