பல் வண்டி புறப்படத் தயாராக உள்ளது

என் அண்ணியை ஊரே மைக்கம்மா என்றுதான் கூப்பிடும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள் அவள். அவளுடைய கண்ணாடி அறையை ஒட்டிய டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். ஆக வீட்டிலும் அவள் குரல், வேலையிலும் அவள் குரல். ஒரு நாத்தனாருக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாராவது கண்டுபிடித்திருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும். வயதில் என்னைவிடச் சின்னவள். முறை என்று ஒன்று இருப்பதால் வாய் ‘அண்ணி’, ‘நீங்க’ என்கிறது. மனசுக்குள் அவள் ‘அவள்’தான்.

வாயைத் திறந்தால் அறிவிப்புத்தான். வீட்டில் சாப்பாடு ஆனதும், “சாப்பாடு தயாராக உள்ளது, சாப்பிடுவோர் உடனடியாக அமரவும்” என்பாள். கிண்டலுக்குச் சொல்வதில்லை. நாக்கு அப்படிப் பழகிவிட்டது. வண்டியின் பெயர், எந்த நடைமேடை, எந்த வழி, கடைசியில் ‘புறப்படத் தயாராக உள்ளது’. இந்த வரிசை மாறினால் அவளுக்கு மூச்சு முட்டும். அந்த அறையில் அவளுக்குச் சொத்து என்றால் ஒரு நாற்காலி, வெந்நீர் பிளாஸ்க், பஞ்சு பிய்ந்துபோன மைக், அதன் சிவப்பு சுவிட்ச். அந்த சுவிட்ச் சில நேரம் அழுத்தினால் அழுத்தினபடியே நின்றுவிடும். அப்படி ஒருநாள் என்னைப் பற்றி அவள் புலம்பியதை ஊரே கேட்டது. அது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

அவளுக்கு ஒரே மகள். எனக்கு மருமகள், செல்லம். பச்சைக் கேரட்டை முயல் மாதிரி கடித்துத் தின்கிற பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் கண்ணாடி அறைக்கு வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து கறுக் கறுக்கென்று கடிப்பாள். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுபோனது. ஒரு பக்கமாகவே மென்றாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பேசினாள். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். கடைவாய்ப்பல் சொத்தை. விழுந்து முளைக்கிற பல்தானே என்று நாங்கள் எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம். அது விழுந்தால் முளைக்காத பல்லாம்! ஆறு வயதிலேயே சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். யாருக்குத் தெரியும்?

தனியார் பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம், அல்லது பிடுங்கிவிடலாம். காப்பாற்ற அவர் கேட்ட தொகையை, லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ இருந்த என் அண்ணனுக்குப் போனில் சொன்னோம்.

“பிடுங்கிடலாமே. மிச்சம் இவ்வளவு பல்லு இருக்கே,” என்றார்.

“உங்க லாரியில ஒரு சக்கரத்தைக் கழட்டிட்டு ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் பிடுங்கலாம்,” என்று அண்ணி போனை வைத்தாள். வைத்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இப்படி எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காலையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் என் கவுன்ட்டருக்கு வந்து, அடுத்த ஊருக்கு எந்த ரோடு என்று கேட்டார்.

“பஸ்ஸா?”

“இல்லம்மா. அரசாங்கப் பல் வண்டி. பிள்ளைங்களுக்கு பல்லு வைத்தியம் எல்லாம் சும்மா. செலவு முழுக்க அரசாங்கத்தோடது. ஆனா இந்த ஊர்ல ஒரு பிள்ளைக்கும் பல்லே இல்ல போல இருக்கு. ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க.”

“எங்கய்யா நிறுத்தியிருக்கீங்க?”

“ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. பிணவறைக்குப் பக்கத்துல.”

எனக்கு வந்த கோபத்துக்கு, கவுன்ட்டர் கம்பி மட்டும் நடுவில் இல்லையென்றால் அவர் கதி என்னவாகியிருக்குமோ! பிணவறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? “ரோடெல்லாம் அப்புறம் சொல்றேன், இங்கயே நில்லுங்க,” என்று அவரைப் பிடித்து வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன். கண்ணாடி அறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே பையோடு அள்ளிக்கொண்டு, வண்டி டிரைவரான அவரையும் இழுத்துக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வண்டிக்குள் எல்லாம் இருந்தது. சாய்கிற நாற்காலி, விளக்கு, படம் எடுக்கிற கருவி. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பிள்ளையின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்து, “காப்பாத்திடலாம்,” என்றார். அண்ணி கையெடுத்துக் கும்பிடப் போனாள். டாக்டரம்மா அதற்குள், “ஆனா ஆரம்பிக்க முடியாதுக்கா,” என்றார்.

“ஏம்மா?”

“இது ஒரே நாள்ல முடியற வேலை இல்ல. பல்லைத் திறந்துட்டா நான் திரும்பத் திரும்ப வரணும். இன்னைக்கு மதியத்துக்குள்ள வண்டி நிறையப் பிள்ளைங்க வரலைன்னா இந்த ஊரையே பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. பாதியில விட்டா பாப்பாவுக்குத்தான் ஆபத்து.”

“அப்போ அடுத்த ஊருக்கு நாங்க கூட்டிட்டு வர்றோம்.”

“அங்கே ஏற்கெனவே பேர் எழுதிட்டு நிறையப் பிள்ளைங்க காத்திருக்காங்க. முறை வர்றதுக்குள்ள பாப்பா இந்தத் திட்டத்தோட வயசு வரம்பைத் தாண்டிடும். அதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுட்டா மட்டும்தான் முடிச்சுக் கொடுக்க முடியும்.”

சுருக்கமாகச் சொன்னால், மதியத்துக்குள் கூட்டம் வந்தால் பல் இருக்கும், வராவிட்டால் பல் போகும். பிள்ளை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணி டிரைவரைப் பார்த்து, “வண்டியை எடுங்க. எங்க பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க,” என்றாள். தடம் நின்றுபோன ஒரு பஸ்ஸின் நடைமேடை வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது. வண்டி ஜம்மென்று அதில் வந்து நின்றது.

எங்கள் நிலைய மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. எதைக் கேட்டாலும் ஒரு சுற்றறிக்கையைச் சொல்லி மறுப்பார். வண்டியைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“மைக்ல பஸ்ஸைத் தவிர வேற எதையும் பேசக் கூடாது. சுற்றறிக்கை இருக்கு.”

“நடைமேடையில நிக்கற அரசாங்க வண்டியைச் சொல்லலாமா, கூடாதா சார்?” என்று கேட்டாள் அண்ணி.

அவர் யோசித்தார். “நடைமேடையில நின்னா... சொல்லித்தான் ஆகணும்.”

“அவ்வளவுதான் சார். நீங்க போய் டீ குடிங்க.”

என் அண்ணி இப்படி மடக்கியதைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றுவிடுவாள்.

ஆனால் மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள் பாருங்கள். வழக்கமான அறிவிப்பு மாதிரி இருக்கக் கூடாது, விஷயம் புரிய வேண்டும் என்று பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி ஆரம்பித்துவிட்டாள். அன்பார்ந்த பெற்றோர்களே, பல் நலமே உடல் நலம், இந்த அரிய வாய்ப்பை நழுவவிடாதீர்கள். ம்ஹூம். ஒருவர் தலையைத் திருப்பவில்லை. ஏதோ பற்பசை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் சொன்னாள். வெள்ளரிக்காய் விற்கிறவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளை வண்டியின் முதல் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். டிரைவர் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். அதை அண்ணி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். சிவப்பு சுவிட்சை ஓங்கி அழுத்தினாள். பதற்றத்தில் ஆண்டுவிழாப் பேச்செல்லாம் பறந்துபோய், இத்தனை வருஷம் பழகின நாக்கு தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது.

“பயணிகள் கவனத்திற்கு! பல் வண்டி, பல் வண்டி! முன்பல், கோரைப்பல் வழியாகக் கடைவாய்ப்பல் வரை செல்லும் பல் வண்டி, கடைசி நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது! குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை! உடனடியாக ஏறவும்! உடனடியாக ஏறவும்!”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐயோ, புறப்படாத வண்டியைப் புறப்படுகிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டாளே!

ஆனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கு ‘பல் நலம்’ எட்டாது, ‘புறப்படத் தயாராக உள்ளது’ எட்டும். அந்த வார்த்தை காதில் விழுந்தால் கால் தானாக ஓடும். ஓடினார்கள் ஐயா, ஓடினார்கள்! பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூட்டையை இழுத்துக்கொண்டு, எந்த வண்டி என்றுகூடத் தெரியாமல் ஓடினார்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கப் பார்த்தார் ஒருவர். பெட்டியோடு ஏறிய ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் ஜம்பமாக உட்கார்ந்து, “நூற்பாலை ஸ்டாப்புல நிக்குமா?” என்று கேட்டார். டாக்டரம்மா அவரிடம், “முதல்ல வாயைத் திறங்க,” என்றார். அவரும் திறந்தார்.

நான் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தேன். நெரிசலில் படியிலிருந்த எங்கள் பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். விடுவேனா? “காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை இது! முதல் சீட்டு இவளுக்குத்தான்!” என்று கத்திக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவளை மேலே ஏற்றிவிட்டேன். பெரியவரை மரியாதையாக இறக்கிவிட்டோம். அதற்குள் ஏறினவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சும்மாவா, நிஜமாகவே சும்மாவா என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். பிள்ளை இருந்தவர்களில் ஒருவர்கூட இறங்கவில்லை. வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் போன் போட்டு வரச் சொன்னார்கள். வரிசை கழிப்பறையைத் தாண்டி வாசல்வரை போனது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு எங்கள் பிள்ளையைப் பார்த்து, “ஆரம்பிச்சிடலாமா பாப்பா?” என்றார்.

சுற்றறிக்கை முகம் சிவந்து கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். “பொய் அறிவிப்பு செஞ்சிருக்க! புறப்படாத வண்டியை...”

“டிரைவரைக் கேட்டுப் பாருங்க சார்,” என்றாள் அண்ணி. “இவங்க ஓடி வரலைன்னா அது புறப்பட்டிருக்கும்.”

அவர் திரும்பி நடந்தார். போகிற போக்கில் வாசலில் நின்று, “திரும்ப எப்ப வருது? என் பேத்திக்கும் ஒரு பல்லு...” என்று முனகினார்.

அதன் பிறகு பல் வண்டி எங்கள் ஊரைக் கைவிடவே இல்லை. மாதம் தவறாமல் வந்து அதே நடைமேடையில் நிற்கிறது. கால அட்டவணைப் பலகையில் துறைமுகம் போகிற வண்டிக்குக் கீழே அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். எழுதச் சொன்னவர் வேறு யார், சுற்றறிக்கைதான்! சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள், அதனால் எனக்கு டிக்கெட் கிழித்தே கை ஓய்ந்துபோகிறது.

எங்கள் பிள்ளைக்கு வைத்தியம் முடிந்து பல்லுக்கு மூடி போட்டார்கள். “இனிமே எதை வேணும்னாலும் கடிக்கலாம்,” என்று டாக்டரம்மா சொன்ன நாள் சாயங்காலம், நான் கவுன்ட்டரில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி துறைமுக வண்டியை அறிவித்துவிட்டு சுவிட்சை விட்டாள். அது வழக்கம்போல மேலே வரவில்லை. அவள் கவனிக்கவில்லை.

கறுக்!

எல்லா ஒலிபெருக்கியிலும் ஒரே நேரத்தில் கேட்டது. நிலையமே நிமிர்ந்து பார்த்தது. கறுக், கறுக், கறுக். முயல் மாதிரி.

“அந்தப் பக்கமா கடிக்கிறியாடி?” என்று கேட்டது அண்ணியின் குரல். இந்தத் தடவை அதில் அறிவிப்பே இல்லை.

“ஆமாம்மா. ரெண்டு பக்கமும்!”

நடைமேடையில் யாரோ கை தட்டினார்கள். எனக்கு முன்னால் நின்றவர் சில்லறைக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் கவுன்ட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று, ஊர் பார்க்க வாய்விட்டு அழுதேன்.