அக்கா கல்யாணத்துப் பாத்திரங்கள்

பிற்காலத்தில் நான் ஆசிரியையாகி, சமூகவியல் என்ற தடித்த புத்தகத்தைப் புரட்டியபோது முதல் அத்தியாயத்திலேயே சிரித்துவிட்டேன். சமுதாயத்தில் ஒரு சக்தி உண்டாம். தனியாக யாரும் அதை உண்டாக்கவில்லையாம், ஆனால் வெளியே நின்று எல்லோரையும் பிடித்து நிறுத்துமாம். கல்லைப்போல, மரத்தைப்போல அதையும் ஒரு பொருளாகவே வைத்து ஆராய வேண்டுமாம். எனக்கு இதெல்லாம் புதிதில்லை. லாயாங் லாயாங் என்ற ஊரின் ரயிலடிக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், நான் பாவாடை கட்டிய வயதிலேயே, மாமா அந்தக் கல்லைப் புரட்டிக் காட்டியிருந்தார்.

அப்பா செய்த குற்றம் ஒரு வேளைச் சோறு. அவரோடு ஒரே கப்பலில் வந்தவர், பின்வரிசைக் கூலிவீடுகளான பின் லயத்தில் குடியிருந்தார். காய்ச்சலில் கிடந்த அவரைப் பார்க்கப் போன அப்பா, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். இருவருக்கும் ஒரே கூலி, விடியலில் பேர் கொடுக்க ஒரே பெரட்டுக்களம், தோளில் ஒரே மாதிரிப் பால் வாளி. ஆனாலும் எங்கள் முன் லயத்துச் சாதி வேறு, பின் லயத்துச் சாதி வேறு. மறுநாளே, யாரும் எங்களோடு புழங்கக் கூடாது என்று எங்கள் வீட்டுக்கு விலக்கு விழுந்தது. அடுப்புப் பற்றவைக்க ஒரு கொள்ளிக்கட்டைகூடக் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்தா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்க வேண்டும்? சொந்தத் தோட்டமே வராத கல்யாணத்தில் தாலி கட்ட மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா அழுத அழுகையில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விலக்குப் போட்டவரைக் கண்டுபிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று லயம் முழுக்க அலைந்தேன்.

"எனக்கென்ன தாயி, வரணும்னுதான் ஆசை. மத்தவங்க ஒண்ணு சொல்லிடுவாங்களே" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அந்த மற்றவர்களில் பெரியவரான தண்டல், எல்லோரையும் வேலைக்கு விரட்டும் மனுஷர், அவரும் அதையேதான் சொன்னார்.

உலு திராம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திறங்கிய மாமாவிடம் இதைச் சொன்னேன். "எல்லாருமா அப்படிச் சொன்னாங்க? அப்ப வேலை சுலபம்" என்றார். வேற்றுத் தோட்டத்துக்காரரை எங்கள் தோட்டத்து விலக்கு கட்டுப்படுத்தாது. அவர் வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு பாத்திரம் இரவல் கேட்டார். பாத்திரத்தைத்தானே கேட்கிறார் என்று ஒருவரும் மறுக்கவில்லை. வாங்கியதையெல்லாம் எங்கள் வாசலில் கவிழ்த்து அடுக்கினார்.

பாத்திரத்தின் அடியில் வீட்டுக்கொரு புள்ளிக்குறி உண்டு. யார் வீட்டுக் குறி எது என்று லயத்துப் பெண்களுக்குத் தெரியாதா என்ன? "தண்டல் வூட்டு அண்டாவே போயிருச்சு, நாம போகாட்டி நல்லாவா இருக்கும்?" என்று அத்தை புடவை மாற்றினாள். அத்தை வீட்டுத் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டுத் தண்டல் வீட்டம்மாவும் கிளம்பினாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். மாமா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பந்தல் நிறைந்தது, தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் அப்பா தன் கப்பல் தோழரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, "உக்காருண்ணே" என்று நடுவரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன. ஒவ்வொருவரும் பக்கத்து இலைக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழாததால் இவரும் எழவில்லை. அதற்குள் ரசம் வந்துவிட்டது.

மாலையில் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க மாமாவோடு நானும் போனேன். "நம்ம மேல இருந்த விலக்கை எடுத்தது யாரு மாமா?" என்று கேட்டேன்.

"போட்டவங்கதான்."

அப்படியானால் இன்றைக்கு எப்படியும் ஆளைப் பிடித்துவிடலாம் என்று ஒவ்வொரு வாசலிலும் முகம் முகமாக உற்றுப் பார்த்தேன். அத்தை என் கையில் வெல்லம் வைத்தாள். தண்டல் என் கன்னத்தைக் கிள்ளினார். கடைசி வீடுவரை போயும் அங்கே ஒரு கெட்டவரைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.