கிடா துளுக்கவில்லை

எழுபதுகளின் நடுவில், ராசிபுரம் பக்கத்துக் கரடு ஒன்றுக்கு வனக்காவலராகப் போனேன். கரடு என்றால் பெருங்காடு என்று நினைக்க வேண்டாம். பாறையும் முட்புதருமாக ஒரு குன்று. புலி கிடையாது, உடும்புகள் இருந்தன. அவையும் குறைந்துகொண்டே வந்தன. இடுப்பு வலிக்கு உடும்புக்கறியைப் போல மருந்தில்லை என்று வட்டாரமே நம்பியது. எனக்கும் இடுப்பு வலி உண்டு. வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டதால் பொறுத்துக்கொண்டேன்.

மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாள் ஊரே கம்பு, வலை, நாயோடு கரட்டுக்கு வேட்டைக்குப் போகும். பேருக்கு முயல் வேட்டை. முயல் ஓடிவிடும், உடும்பு பொந்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

"இந்த வருஷமும் நடந்தா அங்க உடும்பு மிஞ்சாதுய்யா. உன் வேலையும் மிஞ்சாது" என்றார் ரேஞ்சர். துணைக்கு ஆள் கேட்டேன். ஒரு விசில் கொடுத்தார்.

கரட்டடியில் கூட்டத்தின் முன் நின்று சட்டத்தை உரக்கப் படித்தேன். நாய்கள் மட்டும் கவனமாகக் கேட்டன.

கோயில் தர்மகர்த்தா பணிவாகத்தான் சொன்னார்: "சட்டமெல்லாஞ் சரிதானுங்க கார்டு சார். ஆத்தா உத்தரவு குடுத்தா நாங்க போவோணுமில்லீங்க?"

உத்தரவு கேட்பது எளிது. பலிக்குக் கூட்டிவந்த கிடாவின் மேல் பூசாரி தீர்த்தம் தெளித்துக் கேள்வி கேட்பார். அது உடம்பை உதறித் துளுக்கினால் ஆத்தாவுக்குச் சம்மதம்.

"அப்போ, வேட்டையை நிறுத்தலாமான்னு முதல்ல கேளுங்க" என்றேன். மத்திய அரசின் சட்டத்தை ஆட்டின் முதுகில் ஏற்றிய முதல் அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

பூசாரி தெளித்தார். "வேட்டைய நிறுத்திப்போடலாமா தாயே?"

கிடா நின்றபடி நின்றது.

"கார்டு சாருக்கு உத்தரவில்லீங்கோ!" என்று ஒருவன் கூவினான். ஒரே சிரிப்பு. என் உத்தியோகம் கரடேறிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

கம்புகளைத் தூக்கினார்கள். அப்போது புளிச்சோற்று மூட்டையோடு நின்ற தர்மகர்த்தாவின் மனைவி, "ஏனுங்க, போலாம்னும் ஆத்தா சொல்லலீங்களே? அதையுங் கேட்டுப்போட்டு ஏறுங்க" என்று கணவரிடம் சொன்னார்.

நியாயம்தான். பூசாரி கேட்டார். கிடா ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு குடத்தையே கவிழ்த்தார்கள். சித்திரை வெயிலுக்கு அது சுகமாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டது.

"சந்தையில புடிச்ச கெடாயிங்க. நம்ம பேச்சுப் புரியாதாட்ட இருக்குது" என்றார் தர்மகர்த்தா.

"உங்க சம்சாரம் பேசுனா உங்களுக்கே புரியறதில்ல, கெடாயச் சொல்றீங்க!"

உத்தரவில்லாமல் கரட்டில் கால்வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. நாய்கள் நிழலுக்கு ஒதுங்கின. வலைகள் தலையணையாயின. புளிச்சோறு தீர்ந்தது, எனக்கும் ஓர் உருண்டை கிடைத்தது. பொழுது சாய்ந்ததும், தொண்டை கட்டிப்போன பூசாரி கடைசிச் சொம்பை ஊற்றினார்.

"ஊட்டுக்காவது போலாமா தாயே?"

கிடா கொம்பிலிருந்து வால்வரை துளுக்கியது. முன்வரிசை முழுக்க நனைந்தது. எல்லாரும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். கிடாவும்தான். அதை வெட்டுவதற்குத் தனியாக உத்தரவு கேட்க வேண்டும். பூசாரியிடம் குரல் இல்லை.

மறுநாள் ரேஞ்சர், "எத்தனை பேரை வச்சு நிறுத்துன?" என்றார்.

"யாரும் நிறுத்தல சார். யாரும் போகச் சொல்லல, அவ்வளவுதான்."

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வதும் அதுதான். 'போகாதே' என்று நாம் சொன்னால் ஊர் நம்மோடு வழக்குக்கு நிற்கும். 'போகலாம்' என்று சொல்ல வேண்டியவர் வாய் திறக்காதவரை, ஊர் தானாகவே நிற்கும். அப்போது கூடவே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவதுதான் வனப் பாதுகாப்பு.